அட்டவணைக்கு வெளியே எண்ணூறு அடி

இன்று காலை கணினியில் உன் பைத்தான் புரோகிராம் எனக்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டது. பம்பு அட்டவணையில் ஆயிரம் அடி வரைக்கும்தான் எண் இருக்கிறது, நான் ஆயிரத்து இருநூறு கேட்டேன். எல்லைக்கு வெளியே என்று ஒரு வரி வந்தது. அடிப்பாவி, செத்தும் என்னை விடமாட்டாயா என்று உன்னைத்தான் திட்டினேன்.

கோயமுத்தூர் பம்புக் கம்பெனியில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். அட்டவணையில் ஆழம் ஒரு பக்கம், மோட்டாரின் குதிரைத்திறன் மறுபக்கம். கட்டத்துக்குள், சோதித்துப் பார்த்த தண்ணீர் அளவு. அப்போது ஐந்நூறு அடியோடு சரி. இரண்டு எண்ணுக்கு நடுவில் விழும் ஆழத்தை நான் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் நீ எங்கிருந்தோ பைத்தான் என்ற கணினி மொழியைக் கொண்டுவந்து, இருபது வரி எழுதி, இடைவெளிகளை எல்லாம் நொடியில் நிரப்பிவிட்டாய். முதலாளி உன் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது. உன் சிரிப்புகூடப் பிடிக்காமல் போனது.

ஊரெல்லாம் போர்வெல் ஆழமாகிக்கொண்டே போனது. எண்ணூறு அடிக்கும் எண் வேண்டும் என்றார் முதலாளி. "அளக்காததை எப்படீங்க சொல்றது? நடுவுல இருக்கறதுக்குத்தானுங்க இது" என்றாய். நீ சாப்பிடப் போன நேரத்தில் உன் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்து, கடைசி இரண்டு எண்களின் கோட்டை அப்படியே நீட்டினேன். "வந்துபோச்சுங்க" என்று முதலாளியிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.

அதை நம்பி வெள்ளகோவில் விவசாயி ஒருவர் எண்ணூறு அடியில் பம்பு இறக்கினார். குறிப்பிட்ட ஆழத்துக்குமேல் பம்பு சட்டென்று தளர்ந்துபோகும், என் கோட்டுக்கு அது தெரியாது. ஒரு சொட்டு ஏறவில்லை. "தென்னையெல்லாம் வாடுதுங்க" என்று அவர் ஆபீஸில் வந்து நின்றார். நான் வாய் திறக்குமுன் நீ, "என்ற புரோகிராமுலதானுங்க கோளாறு" என்றாய். பிறகு நான் சேர்த்திருந்த இரண்டு வரியை அழித்துவிட்டு என்னிடம், "உடு அம்மணி, உன்னைய நம்பித்தான உன்ற குடும்பமே இருக்குது" என்றாய். நீயே போய் வேறு பம்பு மாட்டிக் கொடுத்தாய். உனக்கு வரவேண்டிய சோதனைப் பிரிவுத் தலைமை எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் உன் காரியத்துக்கு வந்தேன். "அவ தப்பு செஞ்சுபோட்டப்பக்கூட நீங்கதானுங்க கூட நின்னீங்களாமா, சொல்லிட்டே இருப்பா" என்று உன் வீட்டுக்காரர் கைகூப்பினார். இத்தனை நல்லவளாக இருக்கச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்? நானும் கைகூப்பினேன். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் எல்லோர் முன்னாலும் நீ இன்னும் ஒரு படி உயர்ந்திருப்பாய். அதை என்னால் தாங்க முடியவில்லையடி.