இருபத்தைந்தாம் வரியும் இருபத்தாறாம் வரியும்

நாள் 611, காலை 09.10
பதிவு: உலகம்மை, காவல் பொறியாளர். விண்கலத்தில் நானூறு பேர் உறக்கப் பெட்டிகளில். இந்த முறைக்கு விழித்திருப்பது நான் ஒருத்தி. பெட்டி பெட்டியாக மருந்து செலுத்தும் மருந்து வண்டி ஓடி முடித்தது. எல்லாம் சீர்.

பயணிகள் பட்டியல் இதுவரை பெட்டி எண் வரிசையில் மட்டும் இருந்தது. தலைப்பைத் தட்டினால் தேர்வு மதிப்பெண் வரிசையில் அடுக்கும் வசதியைச் சேர்த்தேன். பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். சும்மா பொழுதுபோக்கு.

பொழுதுபோக்காவது! பெட்டியில் உறங்கும் தயாமலர் பட்டியலில் எங்கே, நான் எங்கே என்று பார்க்கத்தான். இருவருக்கும் தொண்ணூற்று நான்கு. ஆனால் தரையிறங்கியதும் பயணிகளுக்கெல்லாம் தலைவி அவள். நேர்காணலில் பல்லைக் காட்டினாள், பதவியை அள்ளிக்கொண்டு போனாள்.

நாள் 614, காலை 10.40
விநோதம். முதல் பக்கத்தின் கடைசி வரியில் நான். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியிலும் நான். தயாமலரைக் காணோம். பெயரிட்டுத் தேடினால் வருகிறாள். பக்கம் பக்கமாகப் புரட்டினால் இல்லை. மனசுக்குக் குளுமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நாள் 615, பகல் 13.05
தரை நிலையத்து செபத்தியானின் செய்தி:
“எக்கா, மார்க்கு ஒண்ணா இருந்தா டேட்டாபேஸ் அதுக்குத் தோணுனபடிதான் அடுக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுசால்லா கேக்குது? அதான் ஒருத்தர் ரெண்டு தடவ வாறாங்க, இன்னொருத்தர் விடுபடுதாங்க. ரெண்டாவதா பெட்டி நம்பரையும் வச்சு அடுக்கச் சொல்லுங்க, சரியாயிரும். ஆமா, மருந்து வண்டி எந்தப் பட்டியலப் பாத்து ஓடுது?”

இதே பட்டியலைத்தான், பக்கம் பக்கமாக. என் பெட்டி காலி. அங்கே தினம் இரண்டு தடவை மருந்தைக் கொட்டிவிட்டுப் போகிறது வண்டி. தயாமலருக்கு நான்கு நாளாக ஒரு சொட்டு இல்லை. உறங்கும் உடம்பு ஏழு நாள்தான் தாங்கும்.

நாள் 616, காலை 09.00
ஒரே ஒரு வரித் திருத்தம். பெட்டி எண் என்றால் அவள் 88, நான் 89. காலமெல்லாம் அவள் எனக்கு மேலே. அதை என் கையாலேயே எழுத வேண்டுமாம்! அவள் எழாவிட்டால் தலைமை எனக்கு. வயிறு எரிகிறது. இன்று திருத்தவில்லை.

நாள் 617, மாலை 16.20
செபத்தியான்: “எக்கா, திருத்திட்டீங்களா? சத்தத்தையே காணோம்.”

88ஆம் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அப்போதும் அழகாகத்தான் இருக்கிறாள், பாவி. இவள் போய்விட்டால் நான் யாரைப் பார்த்துப் பொருமுவது?

திருத்திவிட்டேன். வண்டி அவளிடம் நின்றது. அழுதேன், ஆத்திரத்தில்தான்.

நாள் 640, மாலை 17.00
முறை மாற்றம். நாளை அவள் விழிப்பாள். நான் உறங்கப் போகிறேன். இந்தப் பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. முயன்று பார்த்தேன்.

நாள் 641, காலை 09.10
பதிவு: தயாமலர், காவல் பொறியாளர். உலகம்மை 89ஆம் பெட்டியில் உறங்குகிறார். 88 காலி. முந்தைய பதிவுகளைப் படித்தேன். இரண்டு முறை.

பட்டியலை அடுக்கும் கட்டளையில் உலகம்மை திருத்திச் சேர்த்த வரியை நீக்கினேன். மதிப்பெண் தலைப்பைத் தட்டினேன். முதல் பக்கத்தின் கடைசி வரியில் நான். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியிலும் நான்.

எல்லாம் சீர்.