மெயின் சுவிச்சும் இருபது கிலோ பாரை மீனும்

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
14.06.2016

அன்பு மகள் கிறேஸுக்கு,

ஆண்டவரின் தயவால் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் உன் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய்க்கு எப்போதும்போல ஒரு குறையும் இல்லை. போனில் அவள் உனக்குப் பாதிக் கதையைச் சொல்லியிருப்பாள், முழுவதையும் குற்றவாளியிடமே கேள்.

பென்சன் எடுத்த பிறகு வீட்டில் கோழிகூட என் சொல் கேட்பதில்லை. அப்படிப்பட்ட என்னை, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குப்பையைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள். விடுவேனா? ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டேன். ஆளில்லாத வகுப்பில் ஃபேன் சுற்றினால் ஒரு ஊதல், லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளில் சோறு கட்டிவந்தால் இரண்டு ஊதல். பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரத் தொடங்கினார்கள், மிச்சச் சோறு வாழைப் பாத்திக்குப் போனது, மின்சாரப் பாவனையும் இறங்கியது. என் நடையே மாறிவிட்டது என்று அம்மா சொன்னாள், நான் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறில் யாருக்கு இந்த மின்சாரம் என்று மெயின் சுவிச்சையே இறக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகளின் திங்கட்கிழமைச் சாப்பாட்டுக்கென்று வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்யும் சம்மாட்டி அம்புறோஸ் கொடுத்த இருபது கிலோ பாரை மீன் சமையலறை டீப் பிறீசரில் கிடந்தது எனக்குத் தெரியாது. திங்கள் விடிய நானே முதலில் போய்ச் சுவிச்சைப் போட்டேன். சற்று நேரத்தில் நாற்றம் கிளம்பியது. சமைக்கும் றஞ்சிதம்தான் பிறீசரைச் சரியாக மூடவில்லை என்று பள்ளிக்கூட அதிபர் ஏசினார். யார் செய்த வேலை என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும் குழுத் தலைவராகிய நான் பக்கத்தில் நின்று, அதிபருக்கு ஒத்துத் தலையாட்டினேன் மகள். பிள்ளைகளுக்கு அன்று வெறும் பருப்பும் சோறும்.

இரண்டு நாள் புரண்டு புரண்டு படுத்தேன். புதன்கிழமை றஞ்சிதத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவேயில்லை. “எனக்குத் தெரியும் ஐயா. திங்கக்கிழமை விடிய நீங்கள் சுவிச்சைப் போட்டதைக் கண்டனான்” என்றாள். பிறகேன் அதிபரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றாள். மகள், என்னை யாரும் அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஒப்புக்கொண்டேன். அதிபரும் நானும் றஞ்சிதத்திடம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு வாண்டு எழும்பி, “ஐயா, இதுக்கு எத்தினை ஊதல்?” என்று கேட்க, பள்ளிக்கூடமே சிரித்தது. அம்புறோஸிடமும் போனேன். “இந்த முறை மீனை உயிரோட தாறன் அண்ணை, பழுதாகாது” என்றான். சொன்னது பகிடிக்கு, அனுப்பியது வெட்டிச் சமைக்கும் மீன்தான், அதுவும் நிறைய. றஞ்சிதம் என்னைப் பார்த்து, மீன் துப்பரவாக்க ஆள் போதாது, காலை ஏழு மணிக்கு வாங்கோ என்றாள். போனேன். பத்து மணிவரை செதில் சீவினேன், இரண்டு விரலையும் சீவினேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்ததும் அவள் ஒரு கோப்பையில் சோறு போட்டு, நடுத்துண்டு மீனாகப் பார்த்து வைத்து, என் முன்னால் நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. கையுறையை மறக்காதே. மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
கிறகரி