கிளட்ச் இல்லாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அத்தானின் வேனைப் பட்டறைக்குள் ஏற்றியாகிவிட்டது. நான்தான் போய் ஓட்டி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் தனக்கே வலிப்பது மாதிரி முகத்தைச் சுளித்தார். "மாப்ள, ரெண்டாவது கியரை அதட்டக்கூடாது. கெஞ்சணும்."

அவரால் இனி கிளட்ச் மிதிக்க முடியாது. இடது பாதம் தொங்கிவிட்டது. நரம்புக் கோளாறு. தையல் மிஷின் பழுது பார்க்கிறவருக்கு இந்த வேன்தான் கடை. உள்ளே பலகை அடித்து, பாபின் பெட்டிகளும் பெல்ட்டுகளும் மாட்டி, எல்லாம் அவர் கையால் செய்தது.

"வித்துட்டு ஆட்டோமேட்டிக் வண்டியா ஒண்ணு வாங்கிடுங்க அத்தான்."

"கால் சரியில்லைன்னு கடையை மாத்துவாங்களா?"

எஞ்சின் அப்படியே இருக்கட்டும், கியர் பெட்டியை மட்டும் மாற்று என்கிறார். இந்த வேலையை நான் செய்ததே இல்லை. சொல்லியும் பார்த்தேன். "உன்னால முடியும்னு உங்க அக்கா உன்மேல சத்தியம் பண்றா" என்றார். அக்கா வேறு எதன் மேல்தான் சத்தியம் பண்ணவில்லை?

மார்ச் 9

உடைசல் கடையில் இதே ரக வேன், பின்பக்கம் நசுங்கினது, ஆட்டோமேட்டிக் பெட்டியோடு கிடைத்தது. அதிர்ஷ்டம்தான். பழைய பெட்டியை இறக்கினேன்.

அத்தான் ஆட்டோவில் வந்து பார்த்தார். கழற்றிப் போட்டிருந்த கிளட்ச் தட்டைக் கையில் எடுத்து விரலால் தடவினார். "தேயவே இல்லையேடா."

துணியை எடுத்துக் கை துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 13

அக்கா டீ வாங்கப் போன நேரம் பார்த்து அத்தான் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"டாக்டர் வலது காலையும் சொல்றாரு. அதுக்கும் இது வரலாம், வராமலும் போகலாமாம். உங்க அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே."

"அப்புறம் எதுக்கு அத்தான் இந்த வேலையெல்லாம்?"

"இருக்கிற காலுக்குத்தான். சீக்கிரம் முடி மாப்ள."

அக்கா வந்ததும், டீயில் சர்க்கரை போதவில்லை என்று அவளிடம் சண்டை பிடித்தார். நன்றாகவே நடிக்கிறார்.

மார்ச் 14

சீக்கிரம் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 21

போச்சு. எல்லாம் போச்சு.

கிளட்சுக்குப் பதிலாக ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு. பூசணிக்காய் மாதிரி இருக்கும், எண்ணெயால் சுழலும். பெட்டியை எஞ்சினோடு சேர்ப்பதற்கு முன் அது உள்ளே முழுசாக உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெட்டி நெருங்கி வரவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டாமா? போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்தேன். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். இரும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும். பெட்டிக்குள் எண்ணெயைத் தள்ளுகிற பம்ப் உடைந்துவிட்டது. பம்ப் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வெறும் இரும்பு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதுதான் நான்.

மார்ச் 22

அத்தானிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "வேற கிடைக்காதா என்ன? விடு" என்றார். பிறகு என் முதுகில் தட்டினார். அவர் என்னைத் தட்டிக்கொடுக்கிறார்! நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

மார்ச் 30

பம்ப் கிடைக்கவில்லை. எல்லா உடைசல் கடையிலும் ஒரே பதில்: "இந்தப் பழைய வண்டிக்கா?"

ஏப்ரல் 5

அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவரு வலது கால் செருப்பு நடக்கும்போது நழுவுது. பார்த்தியா?"

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"முழிக்காதே. டாக்டர்கிட்ட நானும் தனியா கேட்டுட்டேன். எனக்குத் தெரியாதுன்னு அவரு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நினைக்கட்டும். நீ உளறிடாதே."

அவர் சொல்லாதே என்கிறார், இவள் உளறாதே என்கிறாள். நடுவில் நான் ஒருத்தன், உடைந்த பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு. வேலை முடியாமல் இருப்பதே நல்லது என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சீ.

ஏப்ரல் 16

வெளியூரிலிருந்து பம்ப் வந்தது. இந்த முறை கன்வெர்ட்டரைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி மெல்லத் திருப்பித் திருப்பி இறக்கினேன். உட்கார்ந்தது. அளந்து பார்த்தேன். மறுபடியும் அளந்தேன்.

ஏப்ரல் 21

பெட்டி நீளம் என்பதால் பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை லேத்துக்காரர் வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்தார். பெடல் இரண்டுதான் இப்போது. கிளட்ச் இருந்த இடத்தில் ஓட்டையை அடைத்திருக்கிறேன். வண்டி அதிராமல் கிளம்புகிறது. நானா செய்தேன் என்றிருக்கிறது.

ஏப்ரல் 23

அத்தான் வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. யாரும் கை கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். முற்றத்திலேயே ஒரு சுற்று. அருமையாக வந்தார். "வெண்ணெய் மாதிரி போகுதுடா!" என்று ஜன்னலுக்கு வெளியே கத்தினார். அக்கா கை தட்டினாள்.

அடுத்த சுற்றில் பிரேக் போடவேண்டிய இடத்தில் போடவில்லை. வண்டி மெதுவாகவே வந்து பழைய டயர் குவியலில் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை.

இறங்கவில்லை அவர். குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஓடினேன்.

"மிதிச்சேன் மாப்ள. மிதிச்சேன்னுதான் நினைச்சேன்."

சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அக்கா வந்து அவர் தோளைப் பிடித்தாள். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். "தெரியுமா?" என்றார். நான் டயர்களை அடுக்கினேன். அதைத்தானே என்னால் செய்ய முடியும்.

ஏப்ரல் 24

பம்ப் உடையாமல் இருந்திருந்தால்? ஒரு மாதமாவது ஓட்டியிருப்பார். ஓட்டியிருப்பாரா? அந்த ஒரு மாதத்தில் தெருவில் யார் மேலாவது ஏற்றியிருந்தால்? யாரிடம் கேட்பது இதை? அத்தானிடம் கேட்க முடியாது. அவர் 'விடு' என்பார்.

மே 8

அக்கா ஃபோன். "ரெண்டே பெடல்தானே. எனக்குக் கத்துக்குடு." கல்யாணமான புதிதில் ஒருமுறை முயன்று, கிளட்சை விட்டதும் வண்டி குதித்ததில் பயந்துபோய் விட்டவள். அத்தான் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்காரு."

மே 19

அக்கா ஓட்டுகிறாள். என் உயிர் என் கையில் இல்லை.

ஜூலை 2

எண்ணெய் மாற்ற வேனைக் கொண்டுவந்தார்கள். அக்கா ஓட்டினாள். அத்தான் பக்கத்து இருக்கையில், மடியில் யாரோ ஒரு தையல்காரியின் மிஷின் தலை. ஸ்க்ரூ டிரைவர் கையில். வழியெல்லாம் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டே வந்தாராம். "கால்தான் வரலை, வாய் நல்லா வேலை செய்யுது" என்றாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை. மிஷினைத் திருப்பிப் பிடித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து வண்டியை வெளியே எடுக்க நான் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளக் கையை வைத்தேன்.

"அதைத் தொடாதே" என்றார் அத்தான். "அது அவ உட்கார்ற இடம்."