கூடத்தை அளந்த ஞாயிறு

புரட்டாசி 20, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போல, வராது போல. பரணிலிருந்து பாட்டுக் கேட்கிற பெட்டிகளை இறக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

எல்லாம் மகன் அருள் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. பெரம்பலூரில் கடை கடையாகக் கேமரா மாட்டும் வேலை அவனுக்கு. நான் மைக்செட் கட்டிப் பிழைத்தவன். அப்பனும் ஒயர், மகனும் ஒயர்.

பள்ளிக்கூடம் போனதில்லை. ஒயர்களில் பேர் ஒட்டுவதற்காக முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றேன். அட்டைகளில் எல்லாம் இங்கிலீஷ். பரவாயில்லை. எதை எதில் சொருக வேண்டும் என்று அவன் போனில் சொன்னதெல்லாம் மண்டையில் இருக்கிறது, சொன்ன கிழமையோடு.

ஞாயிறு அவனுக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து மருமகள் ஜெனிட்டா பெட்டிகளை ஆண்டிமடத்துக்கு எடுத்துப்போகிறாள், அவள் அம்மா வீட்டுக்கு. நேற்று போனில் கேட்டாள். "அவரு ஆசை ஆசையா வாங்குனது மாமா. எங்கிட்ட இருக்கட்டுமே." இருக்கட்டும். அவள் புருஷன் பொருள்.

அதற்குள் ஒரு தடவை ஓட விட வேண்டும்.

ஆடிக் கடைசி ஞாயிறு அருள் வந்து இந்தக் கூடத்தை அளந்தான். முக்காலி மேல் விரல் தண்டி மைக். சத்தம் எந்தச் சுவரில் முட்டி எப்படித் திரும்புகிறது என்று அது பார்க்குமாம். அடுத்த செவ்வாய் போனில், "அளந்தது பூரா பாட்டுப் பொட்டியில போட்டு வச்சிருக்கேன்ப்பா, ஒன் இருமலோட" என்று சிரித்தான். பாட்டுப் பெட்டி எனக்காக அவன் வைத்த பேர். உள்ளே டிஸ்க்.

அதில் அவன் குரல் இருக்கிறது. என்னிடம் வேறு இல்லை. என்னுடையது பட்டன் போன். அவன் போன் லாரிக்கு அடியில் போய்விட்டது.

புரட்டாசி 21, செவ்வாய்

இருப்பவை:
ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்டோடு.
சத்தத்தைப் பெருக்கும் ஆம்பு ஒன்று. எங்கள் மைக்செட் ஆம்பில் பாதி அளவுகூட இல்லை. கனம் மட்டும் உண்டு.
பாட்டுப் பெட்டி.
நெட்டிலிருந்து பாட்டை வாங்கி ஆம்புக்குக் கொடுக்கும் பெட்டி. டிபன் டப்பா அளவு.
பலகை போன். தொட்டால் பாட்டு மாறும்.
நீல ஒயர் நாலு.

ஸ்பீக்கரை டார்ச் செல் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். டப் என்றது. இரண்டும் உயிரோடு. சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, உட்காரும் நாற்காலியோடு சேர்த்து முக்கோணமாக வைத்தேன். "குழாய் ஸ்பீக்கர் மாதிரி ஊருக்குக் கேக்க வேணாம்ப்பா, ஒனக்குக் கேட்டாப் போதும்" என்பான்.

குழாய் என்றதும் ஞாபகம். ஏலாக்குறிச்சிக்குக் குடிவருவதற்கு முன், எங்கள் தெருத் திருவிழாவுக்குத் தென்னையில் குழாய் கட்டினேன். பண்ணைக்காரர் ஆள் வந்து, "எங்க தெருப் பக்கம் கொழா மூஞ்சியத் திருப்பாதடா" என்றான். ஏறி வேறு பக்கம் திருப்பிக் கட்டினேன். எந்தத் தென்னை, எத்தனாவது மட்டை, இன்றைக்கும் சொல்வேன்.

இல்லாதது ஒன்று. பிரிக்கிற பெட்டி. வீட்டுக்கு நெட் வந்து சேரும் பெட்டியில் ஒயர் சொருக ஓட்டை ஒன்றுதான். பிரிக்கிற பெட்டி இருந்தால்தான் எல்லா ஒயரும் சேரும். அது அரியலூர் கூரியர் ஆபீசுக்கு வந்து கிடந்தது. "நாளைக்கு வாங்கிக்கிறேன்ப்பா" என்றான். "இன்னிக்கே வாங்கிட்டு வந்துடு" என்றேன் நான். வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் சுண்ணாம்புக்கல் லாரி.

ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாட்ச், பர்ஸ், அந்தப் பெட்டி. பை என் வீட்டுக்காரி சவரியம்மாவின் டிரங்குப் பெட்டியில். சாவி அவள் தாலிக்கயிற்றில்.

புரட்டாசி 22, புதன்

சவரியம்மா அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவன் பேரைச் சொல்லவில்லை. யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள். எப்படிக் கேட்பது? காலை கேட்கவில்லை. மதியம் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, துக்க வூட்டுல மைக்செட்டுக் கட்டுறீங்க? வருசம் திரும்புற வரைக்கும் பாட்டே கூடாதும்பாங்க."

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து இவள். "எங்க வூட்டுத் துக்கத்துக்கு நீ ஒண்ணும் அளவு சொல்ல வேணாம். போயி ஒன் ஆட்டப் புடிச்சிக் கட்டு. என் கீரையத் திங்குது."

ஒரு மாதத்தில் அவள் அவ்வளவு பேசியது இன்றுதான். அந்தச் சூட்டிலேயே கேட்டுவிட்டேன்.

"அந்தச் சின்னப் பொட்டி வேணும்."

"எதுக்கு?"

"அவன் கொரலு உள்ள இருக்கு. நாம மூணு பேருமா இருந்தது."

ரொம்ப நேரம் அரிசி களைந்தாள். பிறகு சாவியைக் கழற்றிக் கீழே வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

மூலை நசுங்கி இருந்தது. சொருகினேன். ஐந்து பச்சை விளக்கும் எரிந்தன. அவன் போய்விட்டான், இதற்கு ஒன்றும் ஆகவில்லை.

புரட்டாசி 23, வியாழன்

சாயங்காலம். சவரியம்மா கோயிலுக்கு, செபமாலைக்கு.

பலகை போனில் எழுத்துக்குப் பதில் படம் போட்டு வைத்திருக்கிறான் எனக்காக. பழைய பாட்டுக்கு மாட்டுவண்டி. சாமி பாட்டுக்கு மெழுகுவத்தி. கடைசியில் எங்கள் வீட்டுக் கதவு. தொட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. மின்விசிறி சத்தம். இந்த மின்விசிறிதான். பிறகு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவர் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு:

"யாரும் பேசாதீங்க. எம்மா, குக்கர எறக்கிரு. ஒரே நிமிசம்."

ஊய் என்று அடியிலிருந்து மேலே ஏறும், கூடத்தை அளக்கிற சத்தம். பாதி ஏறியதும் இருமல். என்னுடையது. சிரிக்கிறான்.

"யப்பா, கெடுத்துட்டியே! வெளிய போயி நல்லா இருமிட்டு வா, போ."

கதவு கிரீச். நான் வெளியே போகிறேன்.

அங்கே நிறுத்தினேன். அதற்கப்புறம் அவனும் சவரியம்மாவும் மட்டும் உள்ளே இருந்தார்கள். அவள் வரட்டும், சேர்ந்து கேட்கலாம் என்று நிறுத்தினேன். நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

இடி. முதல் இடி பக்கத்திலேயே விழுந்தது. கை தானாகப் போய் மெயினை இறக்கிவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். மரத்தில் குழாய் கட்டினவன் இடி கேட்டால் யோசிக்கமாட்டான். யோசித்தவன் செத்தான், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இறக்கின பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆவணி இரண்டாவது சனி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின், போனில்: "பாட்டுப் பொட்டிய மட்டும் படக்குனு அமத்தாதப்பா. பட்டனத் தொட்டுத் தூங்க வையி. பச்ச அணைஞ்சப்புறம் மெயின எறக்கு."

ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

மழை விட்டு மெயினை ஏற்றினேன். பச்சை வரவில்லை. செம்மஞ்சள். உள்ளே டிக், டிக், டிக்.

சவரியம்மா நனைந்து வந்தாள். "கேட்டுச்சா?" என்றாள். நாளைக்கு என்றேன்.

புரட்டாசி 24, வெள்ளி

முதல் பஸ். பாட்டுப் பெட்டி துண்டில் சுற்றி மடியில். பெரம்பலூரில் அருளோடு வேலை பார்த்த தம்பி பிரித்துப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

"கரண்ட்ட டக்குனு நிறுத்துனீங்களாய்யா?"

"ஆமாம்."

"இது கேமராவுல ஓடித் தேஞ்ச பழைய டிஸ்க்கு. அடுத்த மாசம் புதுசு போட்டு ரெண்டா வச்சிக்கிறேன்னான்." அப்புறம் அவன் என்னைப் பார்க்கவில்லை. "மெட்ராசுக்கு அனுப்பிப் பாக்கலாம். கெடைக்கும்னு சொல்ல முடியாதுய்யா. உள்ள தகட்டுல கீறிருச்சு போல."

திரும்பும் பஸ்ஸில் ஒரு அம்மா, "மடியில என்ன பெரியவரே, சாமி படமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

புரட்டாசி 25, சனி

வெயில். பூசைக்குப் பூ சொல்லியாயிற்று. ஒயர்களை எல்லாம் வளையம் போட்டுக் கட்டினேன்.

சவரியம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

பூசை முடிந்தது. சாமியார் அவன் பேரைச் சரியாகச் சொன்னார். ஜெனிட்டாவும் அவள் அண்ணனும் டெம்போ பிடிக்கப் போயிருக்கிறார்கள். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடி, மெயின், டிக் டிக்.

திட்டுவாள் என்று நினைத்தேன். முக்கோணத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டீங்கள்ல. சொல்லுங்க."

சொன்னேன். அவன் சொன்ன மாதிரியே. மின்விசிறி, குக்கர், ஊய், என் இருமல். வெளிய போயி இருமிட்டு வா, போ. கதவு கிரீச்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது. நான் வெளிய போயிட்டேன். பொட்டியிலயும் அங்கதான் நிறுத்துனேன்."

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெம்போ தெருமுனையில் திரும்பும் சத்தம்.

"'என்னம்மா கொழம்பு?'ன்னான். கருவாடுன்னேன். 'அப்பா வந்தப்புறம் போடு, சேந்து திங்கிறோம்'னான்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க கதவத் தொறந்துட்டீங்க."