இரண்டாவது குண்டு

இன்று காலை, பொந்தியானில் எங்கள் பள்ளிக்கு எதிரே ஒரு சீனர் புதுக்கடை திறந்தார். வெடிச்சரம் வெடித்து ஓய்ந்ததும் கந்தகப் புகை வகுப்பறைக்குள் வந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன், அண்ணே. விடுமுறையில் நீங்கள் வரும்போது உங்கள் சட்டையில் இருந்த வாடை இதுதான்.

நம் கரையோர நீரிணையில் க்ரூசர், டிஸ்ட்ராயர் என்று பெரிய போர்க்கப்பல்கள் போகும். நீங்கள் இருந்ததோ கள்ளக்கடத்தலைப் பிடிக்கும் சிறு பீரங்கிப் படகு. "மூக்குல பீரங்கி கட்டுன மீன்படகு" என்று நீங்களே கேலி செய்வீர்கள். முன்தளத்தில் நின்று குறிபார்த்துச் சுடுவது உங்கள் வேலை. முதலில் வெற்றுவேட்டு. அதைக் கேட்டதும் எதிரே வரும் படகு பாயை இறக்கவேண்டும். இறக்காவிட்டால் இரண்டாவது, உண்மையான குண்டு. இந்தக் கரையில் பாய் விரிக்கும் எல்லாருக்கும் அது தெரியும்.

குக்கூப்புக்கு அப்பால் கடலில் அன்று ஒரு தொங்காங், சரக்கேற்றும் பாய்மரப் படகு, பாயை இறக்கவில்லை. ஒருவன் பாய்மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். உங்கள் படகின் தலைவரான துரை உத்தரவு கொடுத்தார், சுட்டீர்கள். மரம் அவனோடு சேர்ந்து முறிந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோது அவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. பாய்க்கயிறு கப்பியில் சிக்கியிருந்தது. அதை அறுக்க எடுத்துப்போன கத்தியை அவன் கை இன்னும் விடவில்லை. படகு நிறைய அன்னாசி, மேலிருந்ததெல்லாம் சிவப்பு.

விசாரணைக்கு ஆங்கிலத்தில் வாக்குமூலம் வேண்டும் என்றார்கள். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று என்னிடம் வந்தீர்கள்.

"அவன் கையில கத்தியப் பாத்தேன். கயிற அறுக்கத்தான் ஏறுறான்னு தெரியும். தெரிஞ்சுதான் சுட்டேன். அதையும் எழுது, தங்கச்சி."

எழுதினால் வேலை போகும், சிறையும் வரலாம் என்று பயந்தேன். அதை விட்டுவிட்டு எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னீர்கள். தாளில் இல்லாத அந்த வரியையும் சேர்த்துத் தமிழில் படித்தேன். தலையசைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்.

குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த அன்று நீங்கள் சோறு தொடவில்லை. "எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்ப அந்த ஆளு யாருக்குமே ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டீர்கள். அந்த வரி தாளில் இல்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, பத்து பகாட் ஊரின் ஆற்று முகத்தில் இன்னொரு படகு. வெற்றுவேட்டுக்குப் பின்னும் பாய் இறங்கவில்லை. மரத்தில் ஒருவன் ஏறினான். "கொஞ்சம் பொறுங்க துரை, கயிறு சிக்கியிருக்கும்" என்று நீங்கள் சொன்னதாகச் சுக்கான் பிடித்தவர் பிறகு என்னிடம் சொன்னார். ஏறியவன் கையில் துப்பாக்கி இருந்தது. உங்கள் தொண்டையில் பாய்ந்த தோட்டா பிடரி வழியே போனது. பீரங்கியைக் கட்டிப்பிடித்தபடி சரிந்தீர்களாம்.

இப்போதும் மனு எழுதித் தரச் சொல்லி ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். எழுதிக் கொடுப்பேன். படித்துக் காட்ட மட்டும் தபாலாபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியிடம் அனுப்பிவிடுவேன். "நீங்களே படிங்க லா, டீச்சர். எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று சலித்துக்கொள்வார்கள். என் வாயை நம்பவேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை, அண்ணே.