கரையில் உன் அப்பா நிற்கிறார்

மெக்ரே குடா, நியூ பிரன்ஸ்விக்
1866 ஏப்ரல் 22, ஞாயிறு

அன்பு மகன் ஃபின்ட்டனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை கிட்டியும் உயிரோடு இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போர்ட்லாந்தில் அந்த வாடகை அறையில்தான் இருக்கிறாயா, இல்லை எங்களுக்கு எதிரே அமெரிக்கக் கரையில் ஈஸ்ட்போர்ட்டில் கூடியிருக்கும் கூட்டத்தில் நிற்கிறாயா என்று தெரியாமல் பத்து நாளாக அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். தபாலை நம்ப முடியாததால் இதைப் பாதிரியார் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடாவில் எந்த வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் அது ஊருக்கே வந்த மாதிரி என்பது உனக்குத் தெரியும். மீன் அடைப்பில் அப்பாவோடு பங்கு வைத்திருக்கும் ஏழு பேரும் வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள், நானும் வழக்கம்போல முன்னால் ஒரு தடவை பார்க்காமல் உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். உன் பூட்ஸ் ஓட்டையையும் வீட்டுக்காரியின் சூப்பையும் கேட்டுச் சிரித்தார்கள், அப்புறம் அந்த வரி வந்தது. ஃபீனியன் படையில் சேர்ந்துவிட்டேன், அயர்லாந்தை அடிமையாக வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரனை அவன் ஆளும் உங்கள் மண்ணிலேயே வந்து அடிக்கப் போகிறோம், கனடாவோடு உங்களை ஒரே நாடாகக் கட்டிப்போடும் திட்டத்தையும் முறித்துக் காட்டுகிறோம், அப்பாவிடம் சொல் என்று எழுதியிருந்தாய். வாய் பாதி வரியைப் படித்த பிறகுதான் கண் மீதியைப் பார்த்தது. இருமல் வந்த மாதிரி நடித்திருக்கலாம், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஈபன் டேப்ளி தொப்பியை எடுத்துக்கொண்டு போனார், மற்ற ஆறு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

பனிக்கட்டி முறித்துப் போட்ட அடைப்புக் கழிகளை ஏப்ரலில் கடல் வற்றும் நேரம் பார்த்து எட்டுப் பேர் சேர்ந்து நட்டால்தான் ஹெர்ரிங் மீன் வரும்போது அடைப்பு நின்று அதை மடக்கும். இந்த வருடம் அப்பாவும் கிட்டியும் மட்டும் போனார்கள், அவர்கள் நட்டதை மறுநாளே அலை பிடுங்கிப் போட்டது. மீன் கிடைத்தாலும் என்ன செய்வது, அமெரிக்காக்காரன் போன மாதத்தோடு வரியில்லா வியாபார ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டான், ஈஸ்ட்போர்ட்டில் இனி நம் மீனுக்கு வரி. அங்கே விற்க முடியாவிட்டால் கனடாவுக்குத்தான் அனுப்ப வேண்டும், அனுப்ப ரயில் வேண்டும், ரயில் வேண்டுமானால் அவர்களோடு சேர வேண்டும் என்று கடைவாசலில் பேசிக்கொள்கிறார்கள். போன வருடம் இப்படிப் பேச ஒரு ஆள் இல்லை. கனடாக்காரன் கடனை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று அப்பாவும் டேப்ளியும் ஒரே வண்டியில் போய் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள், இரண்டு பேருக்கும் குரல் லட்சணம் உனக்குத் தெரியும். போன வாரம் உன் ஆட்கள் இண்டியன் தீவில் இறங்கிச் சுங்கச் சாவடிக் கொடியைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஒரு கொடிதானே என்று நீ நினைக்கலாம். இங்கே பெண்கள் பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை டேப்ளி வீட்டுக்கு வந்து உட்காராமலே அப்பாவிடம் பேசினார். "கான், உம்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எம் பொண்டாட்டி மூட்டையைக் கட்டி வாசல்ல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நாம தனியாவே இருந்துக்கலாம்னு அவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? மறுபடி ஓட்டு வருது, இந்தத் தடவை சேரணும்னுதான் போடப் போறேன்" என்றார். அப்பா தரையைப் பார்த்தபடி "நானும்தான்" என்றார். டேப்ளி போன பிறகு என்னிடம், "அவனுக்கு எழுது. கனடாக்காரன் ரெண்டு வருஷமாத் தொண்டை கிழியப் பேசியும் என் ஓட்டு நகரல, எம் புள்ளை ஒரே கடுதாசியில நகர்த்திட்டான்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இங்கிலாந்துக்காரன் மேல் கோபப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், பஞ்சத்துக்குத் தப்பிக் கார்க்கிலிருந்து வந்த கப்பலில் செத்துப்போன உன் அண்ணனைக் கடலில் போட்டவள் நான். ஆனால் ஃபின்ட்டன், நீ அடிக்க வரும் ஆள் இந்தக் குடாவில் இல்லை. இங்கே டேப்ளிதான் இருக்கிறார், அவர் பெண்டாட்டி இருக்கிறாள்.

ஊர்க்காவல் படையில் ஐரிஷ்காரர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். அப்பா தானே போய்ப் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார், டேப்ளி அவருக்காக வாக்குக் கொடுத்தார். பகல் முழுக்கத் தெற்கு முனையில் படகு இறங்கும் இடத்தில் துப்பாக்கியோடு நிற்கிறார். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "நான் நிக்காட்டி வேற எவனோ நிப்பான். எம் புள்ளை வந்தா எனக்காவது அடையாளம் தெரியும்" என்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். இரண்டு குளிர்காலமாக அவருக்குத் தூரப் பார்வை போய்விட்டது, வெளியே சொல்ல வெட்கம். நேற்று வேலியருகே நின்ற கிட்டியை டேப்ளி என்று நினைத்துக் கூப்பிட்டார். படகு வருவது அவருக்குத் தெரியும். அதில் இருப்பது யார் என்று தெரியாது.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். கம்பளி உள்சட்டையைச் சீக்கிரம் கழற்றாதே. வருவதானால் கேலஸ் ஊர்ப் பாலம் வழியாக, வெறுங்கையோடு, நடந்து வா. படகில் மட்டும் வராதே, கண்ணே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஹொனோரா