ப்ளூ டிக் நிகழ்வியல்

ஜூன் 9, கோட்டயம்
மழை. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் நகரவில்லை. இளைஞர்களின் வாட்ஸ்அப் மௌனம் பற்றியது. கனமான சொல் கிடைக்காத இடத்திலெல்லாம் வாய்க்கு வந்ததைப் போட்டு மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன்: "ப்ளூ டிக் நிகழ்வியல்", "பின்நவீன கிரிஞ்ச்", "ரீல்ஸ்வழி முக்தி". நெறியாளருக்கு அனுப்பும் முன் மாற்றிவிடுவேன்.

ஜூன் 11
மாற்றவில்லை. மஞ்சளை மட்டும் அழித்துவிட்டு அனுப்பித் தொலைத்திருக்கிறேன்! ஜெஸ்லின், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஆறாவது வருஷம்டீ. ஜூலை கருத்தரங்கில் தேறலைன்னா பிஎச்.டி. பதிவே ரத்து.
அறைத்தோழி ஃபஸீலா புட்டு தின்றபடி, "பயப்படாதடீ, உங்க சார் என்னிக்குப் படிச்சிருக்கார்?" என்றாள்.

ஜூன் 14
படித்திருக்கிறார்.
"இந்த ப்ளூ டிக் நிகழ்வியல் பிரமாதம்மா. யாரோட கோட்பாடு?" என்றார் நெறியாளர் குறுப்பு சார்.
என்னுடையது என்றால் எங்கள் துறையில் வெட்டிவிடுவார்கள். வெளிநாட்டுப் பெயர் வேண்டும். கையில் போன், விரல் ஸ்க்ரோல் செய்துகொண்டிருந்தது.
"ஸ்க்ரோலினென், சாரே. ஃபின்லாந்து."
"ஆங், அவரா! அவரோட பழைய எழுத்து இன்னும் ஆழமா இருக்கும்."

ஜூன் 20
சார் தன் புதுக் கட்டுரையில் மூன்று அடிக்குறிப்பில் ஸ்க்ரோலினெனைச் சேர்த்து ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாராம். துறையில் இன்னொருவர், "ஆள் கொஞ்சம் பழமைவாதி," என்றாராம்.

ஜூலை 2
கருத்தரங்கு. எல்லோரும் தலையாட்டினார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த தேர்வாளர் அனசூயா மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.
"தேடிப் பார்த்தேன். ஸ்க்ரோலினென்னு ஒரு ஆளே இல்லையே?"
செத்தேன். அழுகை வந்துவிட்டது. "அது நான்தான் மேடம். மெசேஜைப் பார்த்துட்டும் பதில் போடாதவங்களுக்காகக் காத்திருக்கிற வேதனைக்கு வேற பேர் கிடைக்கலை."
மேடம் பக்கங்களைப் புரட்டினார். "இருநூறு பக்கத்துல நீயா யோசிச்சது இது ஒண்ணுதான். இதையே விரிச்சு எழுது. ஃபின்லாந்துக்காரரை ஊருக்கு அனுப்பிடு."
தேறிவிட்டேன்! குறுப்பு சார் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11
சார் தன் கட்டுரையை நிறுத்தச் சொல்லி இதழ்க்காரர்களிடம் கெஞ்சியிருக்கிறார். அதற்குள் இதழ் அச்சாகிவிட்டது. ஸ்க்ரோலினென் மூன்று இடத்திலும் கம்பீரமாக நிற்கிறார்.
காலையில் மெசேஜ் அனுப்பினேன்: "மன்னிச்சுக்கோங்க சாரே. அவர் காலமாயிட்டார்னு அடுத்த இதழ்ல போட்டுடலாமா?"
பத்தேகாலுக்கு இரண்டு நீல டிக்.
மாலை ஆறு. பதில் இல்லை. இன்னும் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்துக்குத் தரவு கிடைத்துவிட்டது.